எந்தக் கடையில் எடுத்தீர்கள்?

மவுண்ட் ட்ரூயிட், சிட்னி
ஜூலை 14

கர்த்தருக்குள் பிரியமான ரூத்தா அக்காவுக்கு,

தம்பி ஃபலனிக்கோ எழுதுவது. இங்கே நானும் சவலீனாவும் குழந்தை லேலேயும் சுகம். என் மணிக்கட்டு வலி மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. கிரிஃபித்தில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் குளிரைத் தாங்குகிறீர்களா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்கா சொல்லுக்கு எதிர்ப்பேச்சு கூடாது என்று சமோவாவில் ஊட்டி வளர்த்த பழக்கம் என் வாயை அடைத்துவிடுகிறது. ‘சரிக்கா, சரிக்கா’ என்று சொல்லி வைத்துவிட்டு, அப்புறம் சவலீனாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். காகிதத்தில் எனக்கும் கொஞ்சம் வாய் முளைக்கிறது.

விஷயம் இதுதான். எங்கள் ஊதாப்பெட்டிக் கம்பெனியில் வேலைநிறுத்தத்துக்கு வாக்கெடுப்பு நடந்து ஜெயித்துவிட்டோம். ஆகஸ்ட் நடுவில் வெளியே வருகிறோம். ஒன்பது வருஷமாக அவர்கள் கிடங்கில் சாமான் எடுத்துப் பெட்டி கட்டுகிறேன், இன்னும் நான் அன்றாடங்காய்ச்சிதான். இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் வேளையில் போனில் ‘டிங்’ என்று ஒரு செய்தி வந்தால் மறுநாள் வேலை உண்டு. வராவிட்டால் இல்லை. அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. லேலேகூடக் கரண்டி தட்டில் படாமல் சாப்பிடுகிறாள். ஐந்து வயதுப் பிள்ளை இதைக் கற்றுக்கொள்ள வேண்டுமா? எங்களை நிரந்தரம் ஆக்கு என்பதுதான் கோரிக்கை. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்.

இனி நான் கேட்க வந்தது. அக்டோபரில் வெள்ளை ஞாயிறு. பிள்ளைகளுக்குப் புது வெள்ளை உடுத்தி, வசனம் ஒப்புவிக்கச் சொல்லி, முதல் பந்தியில் அவர்களை உட்காரவைத்து நாம் பரிமாறும் நாள். அந்த ஒரு நாளுக்காக நம் சபைகளெல்லாம் இணையத்தில் ஊதாப்பெட்டியில்தான் துணி வாங்குகின்றன. பெட்டி கட்டி அனுப்புகிற எனக்குத் தெரியாதா? இந்த வருஷம் மட்டும் உங்கள் சபை அங்கே வாங்க வேண்டாம். வேறு எந்தக் கடையில் எடுக்கப்போகிறீர்கள் என்று எழுது. உன்னிடம் நான் அதிகம் கேட்டதில்லை.

லேலே வசனம் படிக்கிறாள். பாதி வந்திருக்கிறது, மீதிப் பாதிக்குத் தலையை ஆட்டுகிறாள்.

உன் அன்புத் தம்பி,
நிக்கோ


கிரிஃபித்
ஜூலை 27

அன்புத் தம்பி நிக்கோவுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். உன் கடிதம் வந்தது. தேங்காயெண்ணெயைச் சூடாக்கி மணிக்கட்டில் தடவு, தடவிவிட்டுச் சும்மா இரு. நீ தடவிய கையோடு கார் கழுவப் போவாய் என்று எனக்குத் தெரியும்.

இங்கே எல்லாரும் சுகம். கோழி ஆலையில் காலை வேலைக்குப் போகும்போது கார்க் கண்ணாடி உறைந்துகிடக்கிறது. உன் அத்தான் வெந்நீர் ஊற்றிக் கண்ணாடியில் விரிசல் விழ வைத்துவிட்டார். போன வருஷமும் இதேதான் செய்தார். சனிக்கிழமைகளில் பந்துருட்டுக் கிளப்பைக் கூட்டித் துடைக்கும் வேலையும் எடுத்திருக்கிறேன். வயசானவர்கள் புல்தரையில் குனிந்து பந்து உருட்டிவிட்டு, நிமிர முடியாமல் சிரிக்கிறார்கள். நல்ல மனிதர்கள்.

வெள்ளை ஞாயிறுக்கு நோவா பேழை நாடகம் போடுகிறோம். நாற்பத்தாறு பிள்ளைகள். எல்லாருக்கும் சிங்கமாக வேண்டும், யானையாக ஒருத்தரும் வர மாட்டேன் என்கிறார்கள். சபைச் செயலாளர் என்ற பட்டத்தைக் கட்டிக்கொண்டு நான் படும் பாடு உனக்குத் தெரியாது. போன ஞாயிறு காணிக்கை கொடுத்தவர்கள் பெயரை வாசிக்கும்போது ஒரு குடும்பத்தை விட்டுவிட்டேன். அந்த அம்மாள் இன்னும் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. பெயரை வாசித்தாலும் சண்டை, வாசிக்காவிட்டாலும் சண்டை.

துணிமணி விஷயமெல்லாம் இந்த வருஷம் போதகரம்மா பார்த்துக்கொள்கிறார்கள்.

லேலேக்கு முத்தம். உலர்ந்த ஆரஞ்சுத் தோல் கொஞ்சம் இதோடு வைத்திருக்கிறேன், டீயில் போட்டுக் குடியுங்கள்.

உன் அக்கா,
ரூத்தா


மவுண்ட் ட்ரூயிட்
ஆகஸ்ட் 22

பிரியமான அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். ஆரஞ்சுத் தோல் டீ முழுப் போராட்டத்துக்கும் ஓடுகிறது.

வெளியே வந்துவிட்டோம். கிடங்கு வாசலில் தகர டிரம்மில் தீ மூட்டி உட்கார்ந்திருக்கிறோம். நம் ஆட்கள் பாதி, டோங்காக்காரர்கள் கால்வாசி, மீதி உலகம் முழுக்க இருந்து வந்தவர்கள். முதல் நாள் எல்லாருக்கும் வெட்கம், என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் ஒருத்தர் ஞானப்பாட்டை எடுத்தார். நாலு குரலாகப் பிரித்து நாங்கள் பிடித்த பிடியில் உள்ளே மேலாளர் ஜன்னலை மூடினார். அன்றிலிருந்து காலையும் மாலையும் பாட்டுதான். சரக்கு லாரி ஓட்டி வந்த ஒரு மனிதர் இறங்கி, முழுப்பாட்டையும் நின்று கேட்டார். ‘என் அம்மா சாவுக்குப் பாடின பாட்டுப்பா இது’ என்றார். அப்படியே லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் கை தட்டவில்லை, இன்னொரு பாட்டு பாடினோம்.

சாப்பாட்டு வேளையில் போன் ‘டிங்’ அடிப்பதில்லை. அடிக்காது என்று தெரிந்தும் எல்லாரும் அதையே பார்க்கிறோம்.

எந்தக் கடையில் எடுக்கப்போகிறீர்கள் என்று நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. போதகரம்மா பார்த்துக்கொள்கிறார்கள் என்பது பதில் இல்லை, அக்கா. இந்த வாயெல்லாம் காகிதம் கொடுத்தது, மன்னித்துக்கொள்.

நிக்கோ


கிரிஃபித்
செப்டம்பர் 3

அன்புத் தம்பிக்கு,

சுகமா? டிரம் பக்கத்தில் உட்கார்ந்து புகை குடிக்காதே. மணிக்கட்டு எப்படி? சிட்னிக்கு வருகிறவர்கள் கையில் அரிசியும் டின் மீனும் அனுப்பியிருக்கிறேன், நீங்கள் மட்டும் சாப்பிடாமல் வாசலில் பகிர்ந்துகொள்ளுங்கள்.

துணிக்கு நானும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பெரிய தெருவில் இத்தாலியர் கடைக்குப் போனேன். பிள்ளை அளவில் வெள்ளைச் சட்டை ஐந்தோ ஆறோதான் இருக்கிறது. ‘எல்லாரும் ஊதாப்பெட்டிக்குப் போய்ட்டீங்க, நான் யாருக்காக வாங்கி அடுக்குறது?’ என்று அவர் என்னையே கேட்டார். அப்புறம் இணையத்தில் பச்சை இலை படம் போட்ட ஒரு கடை. பூமி, நியாயம், அன்பு என்று அத்தனையும் எழுதியிருந்தது. உன் அத்தான் தோண்டிப் பார்த்தால் அதன் முதலாளியும் ஊதாப்பெட்டிதான். இலையைப் பார்த்து ஏமாற இருந்தேன்.

நாடகத்துக்கு யானை கிடைத்துவிட்டது. பாதி லஞ்சம், பாதி மிரட்டல்.

நான் ஆலையில் கோழி வெட்டுகிறவள், நிக்கோ. சில பேரிடம் எதிர்த்துப் பேசும் இடத்தில் நான் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்.

ரூத்தா


மவுண்ட் ட்ரூயிட்
செப்டம்பர் 18

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் குடும்பத்தாரும் நலம் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய அரிசியும் மீனும் கிடைத்தன. நன்றி.

நேற்று மேலாளர் ஒலிபெருக்கியோடு வாசலுக்கு வந்தார். வெள்ளை ஞாயிறு துணிகள் கட்டப்படாமல் உள்ளே கிடக்கின்றனவாம். உங்கள் பிள்ளைகள்தானே, அவர்களுக்காக ஒரே ஒரு வாரம் உள்ளே வந்து கட்டிக்கொடுத்துவிட்டு மறுபடி வெளியே போங்கள் என்றார். பிறகு துணி கேட்டிருக்கும் சபைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பெயரை வாசித்தால் நம் சனம் தலை குனியும் என்று நம் ஆள் யாரோதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். பிளாக்டவுன் சபை. லிவர்பூல் சபை. கிரிஃபித் சபை, நாற்பத்தாறு உருப்படி, பெறுபவர் அனேத்தா அம்மாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

பாட்டு நின்றுவிட்டது. ஒரு வாரம்தானே, போய்க் கட்டிவிடலாம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். சவலீனாவும் சொல்கிறாள். உள்ளே போனால் ஒரு வாரத்தில் வெளியே வருவோமா என்று யாருக்கும் தெரியாது, வர மாட்டோம் என்று எனக்குத் தெரியும். வருகிற முப்பதாம் தேதி கை தூக்கி முடிவு செய்கிறார்கள்.

தங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு மன்னிக்கவும்.

தங்கள் தம்பி,
ஃபலனிக்கோ


கிரிஃபித்
செப்டம்பர் 25

என் தம்பி நிக்கோ,

சுகம் விசாரிக்கப் பொறுமை இல்லை, அதைக் கடைசியில் கேட்கிறேன். என்னைப் பார்த்து ‘நீங்கள்’ என்று எழுதினாய். அதற்குப் பதில் நீ என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

ஆமாம், எனக்குத் தெரியும். உன் முதல் கடிதம் வருவதற்கு முன்பே எங்கள் போதகரம்மா அனேத்தா அம்மாள் அங்கே துணிக்குச் சொல்லிவிட்டார்கள். சபையில் அவர்கள் சொன்னதை மாற்றச் சொல்ல யாருக்குத் துணிச்சல்? எனக்கு இல்லை. அதனால்தான் கார்க் கண்ணாடி, யானை என்று எதையெதையோ எழுதினேன். வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிட்டேன், இனி நடந்ததைக் கேள்.

உன் இந்தக் கடைசிக் கடிதம் வந்த மறுநாள் சனிக்கிழமை. கிளப்பில் துடைத்துக்கொண்டிருந்தேன், கண்ணில் நீர் நிற்கவில்லை. கிளப் செயலாளர் மெர்வ் என்ற பெரியவர் பார்த்துவிட்டார். அழுக்கு வாளியைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, ‘என்ன கண்ணு, யாரு செத்துட்டா?’ என்றார். ஒருத்தரும் சாகவில்லை, நாற்பத்தாறு பிள்ளைகளுக்கு வெள்ளைத் துணி வேண்டும் என்றேன். அவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார்.

தம்பி, ஒரு சுவர் முழுக்க அலமாரி. முன்பெல்லாம் பந்து உருட்டுகிறவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளைதான் போட வேண்டுமாம். இப்போது கிளி நிறத்தில் பனியன் வந்துவிட்டது. ஒரே வருஷத்தில் எல்லாரும் மாறிவிட, வெள்ளையெல்லாம் அங்கே மூட்டை கட்டிக் கிடக்கிறது. சட்டை, கால்சட்டை, பாவாடை, தொப்பி. பாதி உறைகூடப் பிரிக்கவில்லை. ‘என் பெண்டாட்டியோட பாவாடையும் இதுலதான் இருக்கு. அவ இருந்திருந்தா அவளே வெட்டித் தச்சுக் கொடுத்திருப்பா. எடுத்துக்கோ’ என்றார். எந்த ஊர்க் கிளப் ஆனாலும் இப்படி ஓர் அலமாரி இருக்கும், தூக்கிப்போட மனசு வராமல் வைத்திருப்பார்கள் என்றும் சொன்னார்.

துணி கிடைத்துவிட்டது. தைரியம்தான் இன்னும் கிடைக்கவில்லை. ஞாயிறு ஆராதனையில் காணிக்கைப் பெயர்களை வாசித்து முடித்தேன். வழக்கமாக அங்கே உட்கார்ந்துவிடுவேன். உட்காரவில்லை.

‘இந்த வெள்ளை ஞாயிறுக்கு ஒவ்வொரு குடும்பத்தின் பெயரோடு, பிள்ளைகளுக்குத் துணி எந்தக் கடையில் எடுத்தது என்பதையும் சேர்த்து வாசிப்பேன். ஊதாப்பெட்டியின் வாசலில் நம் சகோதரர்கள் வெளியே நிற்கிறார்கள். என் தம்பியும் நிற்கிறான்’ என்றேன்.

தன் பெயருக்குப் பக்கத்தில் எது வாசிக்கப்படும் என்று ஒவ்வொரு குடும்பமும் மனசுக்குள் வாசித்துப் பார்ப்பது எனக்கே கேட்டது. இத்தாலியர் கடையில் மறுநாள் காலை கதவு திறக்குமுன் வரிசை. அவரிடம் இருந்த அத்தனையும் தீர்ந்து, அவர் வோகா நகரத்துக்குப் போய் அங்கே இருக்கும் சின்னக் கடைகளில் எடுத்து வந்தார். கிளப் அலமாரியும் பாதி காலி.

ஆராதனை முடிந்ததும் போதகரம்மா என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டார்கள்.

‘என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உனக்கு?’

‘கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்கம்மா. அப்புறம் உங்க பேச்சை மீறின பாவமும் எனக்குச் சேந்திருக்கும்.’

‘பந்து உருட்டுற கிழவனுங்க துணியை நம்ம பிள்ளைங்க போடணுமா? புதுசு போடற நாளுடி அது.’

‘அந்தப் புதுசை யாரு கட்டி அனுப்பணும்மா? என் தம்பி தலையைக் குனிஞ்சு உள்ள போயிக் கட்டணும். நம்ம பிள்ளைங்க புதுசு போடும். அவன் பிள்ளை மறுபடி போனைப் பாத்துக்கிட்டே சோறு திங்கும்.’

அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். ஓங்கிச் சாத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இன்று வரை என்னோடு பேசவில்லை. செயலாளர் பதவி போகும், போகட்டும்.

முப்பதாம் தேதி கை தூக்குமுன் இந்தக் கடிதத்தை வாசலில் நின்று எல்லாருக்கும் சத்தமாக வாசி. சிட்னியில் எத்தனை கிளப்புகள், எத்தனை அலமாரிகள். உள்ளே கிடக்கும் துணி யாருக்கும் தேவையில்லை என்று ஆகிவிட்டால், ஒருத்தரும் உள்ளே போகவேண்டியதில்லை.

இப்போது கேட்கிறேன், சுகமா? மணிக்கட்டு எப்படி?

உன்னை ‘நீ’ என்று மட்டுமே கூப்பிடத் தெரிந்த,
அக்கா


மவுண்ட் ட்ரூயிட்
அக்டோபர் 1

என் அக்காவுக்கு,

நான் சுகம், நீ சுகமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அந்த ‘நீங்கள்’ என்பதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு.

வாசித்தேன். அதே இடம். மேலாளர் ஒலிபெருக்கியில் வாசித்த அதே இடத்தில் நின்று, வெறுந்தொண்டையால். நீ உட்காராமல் நின்ற இடம் வந்தபோது பெண்கள் பக்கம் விசும்பல். பெண்டாட்டியின் பாவாடை வந்தபோது ஆண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சல். போதகரம்மா உன்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டார்கள் என்று வாசித்ததும் மொத்தக் கூட்டமும் ‘ஐயோ’ என்றது. எல்லாருக்கும் ஒரு போதகரம்மா இருக்கிறார்கள் அல்லவா?

டோங்காக்காரர்கள் தலைவர் சிசிஃபோ எழுந்தார். ஆள் ஆறடிக்கு மேல், பேசுவது கிசுகிசுப்பாக. ‘இந்த அக்காவுக்கு எதிரா கை தூக்குறவன் யாரோ, அவனை நான் பாக்கணும்’ என்றார். அப்புறம் கை தூக்கச் சொன்னார்கள். உள்ளே போகலாம் என்று மூன்று கை. அதில் ஒன்று தலை சொறியத் தூக்கியதாம்.

மறுபடி பாட்டு ஆரம்பித்த சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும்.

நேற்றிலிருந்து மேற்கு சிட்னியில் நாங்கள் போய்க் கேட்காத கிளப் பாக்கி இல்லை. பென்ரித்தில் ஒரு பாட்டி வெள்ளைத் தொப்பிகளைப் பெட்டியோடு கொடுத்துவிட்டு, பிள்ளைகளின் பாட்டைக் கேட்கத் தன் கிளப்பையே அழைத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார். சவலீனா கொண்டுவந்த பாவாடையில் மூன்று லேலே குடியிருக்கலாம். கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு, ‘உங்க அக்காகிட்ட நான் பேசணும்’ என்கிறாள். கோபமாக இல்லை.

போதகரம்மா என்ன ஆனார்கள்? உன் பதவி போயிற்றா? என்னால் போனது என்று இருக்கிறது எனக்கு. உடனே எழுது.

உன் நிக்கோ


கிரிஃபித், போதகர் இல்லம்
அக்டோபர் 5

மகன் ஃபலனிக்கோவுக்கு,

கிருபையும் சமாதானமும். நீ என்னை அறியமாட்டாய். உன் அக்காவின் சபைப் போதகரின் மனைவி அனேத்தா நான். என் பெயரை உன் மேலாளர் ஒலிபெருக்கியில் வாசித்ததாகக் கேள்விப்பட்டேன். இருபத்தெட்டு வருஷம் போதகர் மனைவியாக இருக்கிறேன், என் பெயரை நல்ல காரியத்துக்கல்லாமல் எவரும் வாசித்ததில்லை.

பத்து நாட்கள் உன் அக்காவிடம் பேசவில்லை. அவள் சொன்னது தவறு என்பதற்காக அல்ல. அதை நான் சொல்லியிருக்க வேண்டும் என்பதற்காக.

வியாழக்கிழமை ஊதாப்பெட்டிக்குப் போன் செய்தேன். நாற்பத்தாறு உருப்படியும் வேண்டாம் என்றேன். அந்தப் பெண் காரணம் கேட்டாள், காரணம் எழுதாமல் ரத்து செய்ய முடியாதாம். ‘எங்க சபையில வாசிப்பாங்க’ என்றேன். அவளுக்குப் புரியவில்லை. ‘அப்படியே எழுதிக்கோம்மா’ என்றேன்.

பிறகு பிரிஸ்பேன், மெல்போர்ன், ஆக்லாந்து சபைகளின் போதகரம்மாக்களுக்கும் போன் செய்தேன். எங்களுக்குள் பேச்சு எவ்வளவு வேகமாகப் போகும் என்பது உன் கம்பெனிக்குத் தெரியாது. எல்லாரும் ரத்து செய்கிறார்கள். எல்லாரும் அதே காரணத்தைத்தான் சொல்கிறார்கள்.

பழைய துணி என்று நான் சொன்னதை உன் அக்கா எழுதியிருப்பாள். வெட்டித் தைத்து ஒரு பிள்ளை மேல் போட்டுப் பார்த்தேன். அது புதுசுதான். இதைப் பற்றி மேலே பேச வேண்டாம்.

ரூத்தாவின் பதவிக்கு ஒன்றும் ஆகாது. அவளைவிட உரக்க வாசிக்கிறவர் எங்களிடம் இல்லை.

உனக்காக ஜெபிக்கும்,
அனேத்தா


கிரிஃபித்
அக்டோபர் 15

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம், சந்தோஷம். அழுது அழுது என் கண் மட்டும் வீங்கியிருக்கிறது.

போதகரம்மா உனக்கு எழுதியதை என்னிடம் சொல்லவே இல்லை, நீ போனில் படித்துக்காட்டித்தான் தெரியும். என்னிடம் வந்து, ‘கழுத்துப்பட்டை கோணலா இருக்கு, பிரிச்சுத் தை’ என்று ஒரு சட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். சமாதானம் ஆகிவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

ஞாயிறு. நாற்பத்தாறு பிள்ளைகளும் வெள்ளை. பின்வரிசையில் மெர்வும் கிளப் ஆட்களும் கிளி நிறப் பனியனில். நம் சபை இதுவரை அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. நான் எழுந்து நின்றேன். ஒவ்வொரு குடும்பமாக வாசித்தேன். பந்துருட்டுக் கிளப் அலமாரி. பெரிய தெரு இத்தாலியர் கடை. ஆஸ்பத்திரி நர்ஸ்மார் கொடுத்த சீருடை. மறுபடி கிளப் அலமாரி. ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொன்னார்கள் தம்பி. காணிக்கைக்குக்கூட அப்படிச் சொன்னதில்லை.

கடைசியில் போதகரம்மா கொடுத்த சீட்டு. ‘மூன்று சிறுவர் சட்டைகள். போதகரின் பீரோ’ என்று வாசித்தேன். போதகர் தலை நிமிர்ந்தார். தன் வெள்ளைக் கோட்டு காணாமல் போனது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. எதிரே சிங்கம் மூன்றும் அதைப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. சபை சிரித்து முடிக்கும் வரை நாடகம் ஆரம்பிக்க முடியவில்லை.

யானைப் பையன் சட்டைப்பையில் கிளப்பின் முத்திரையைப் பிரிக்க மறந்துவிட்டோம். மெர்வ் அவனைக் கூப்பிட்டு, ‘நீ எங்க ஆளு’ என்றார். அவன் இப்போது சனிக்கிழமைகளில் பந்து உருட்டப் போகிறேன் என்கிறான்.

பந்தியில் பிள்ளைகள் உட்கார, நாங்கள் பரிமாறினோம். உன்னை நினைத்துக்கொண்டேன். வாசலில் லேலே வசனம் சொன்னாளா? எப்படி நடந்தது என்று எழுது. கம்பெனி ஏதாவது பேசுகிறதா?

உன் அக்கா,
ரூத்தா


மவுண்ட் ட்ரூயிட்
நவம்பர் 7

என் உயிருக்குயிரான ரூத்தா அக்காவுக்கு,

சுகம். சுகமோ சுகம். மணிக்கட்டுகூட வலிக்கவில்லை, வலித்தால் நான் கவனிக்கவில்லை.

வெள்ளை ஞாயிறை வாசலிலேயே கொண்டாடினோம். இருநூறு பிள்ளைகளுக்குக் குறையாது. பென்ரித் கிளப் சொன்னபடி முழுசாக வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தது. லேலே முறை வந்தது. முதல் பாதி வசனத்தை மணி மாதிரி சொன்னாள். மறுபாதியில் வழக்கம்போலத் தலையை ஆட்டினாள். எல்லாரும் காத்திருந்தோம். பிள்ளை சுற்றிலும் பார்த்தாள், முதுகை நிமிர்த்தினாள், தினமும் வாசலில் கேட்டுப் பழகியதை முழுக்குரலில் எடுத்துவிட்டாள்: ‘நிரந்தரம் ஆக்கு!’ போதகர் ஒரு நொடி திகைத்து, ஆமென் என்றார். ஜன்னலில் மேலாளர் இருந்தார், சிரிப்பதை மறைக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

மறுவாரமே பேச்சுக்குக் கூப்பிட்டார்கள். நான்கு ஊர்களில் இருந்து ரத்துகள் வந்து குவிந்திருந்தன. எங்கள் சங்கத்தார் சொன்னார்கள், மேசைக்கு எதிர்ப்பக்கம் கோட்டு போட்டவர் கேட்ட முதல் கேள்வியே, ‘சபையில வாசிப்பாங்கன்னா என்னங்க அர்த்தம்?’ என்பதுதானாம். சிசிஃபோ தன் கிசுகிசுக் குரலில் விளக்கினாராம். அதற்கப்புறம் அவர்கள் ரொம்ப இழுக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் வேலை செய்த எல்லாரும் நிரந்தரம். ஜெயித்துவிட்டோம் அக்கா. எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று பாடிக்கொண்டே உள்ளே போனோம். என் முதல் வேலை என்ன தெரியுமா? யாரும் வாங்காத வெள்ளைத் துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்குவது. அனேத்தா அம்மாள் பெயர் போட்ட நாற்பத்தாறும் என் கையில்தான் வந்தன. ஒவ்வொன்றாக, சுருக்கம் விழாமல், மரியாதையாக அடுக்கினேன். அவர்களிடம் சொல்.

இரவு சாப்பிட உட்கார்ந்தோம். பழக்கம் போகுமா, போன் மேசையில்தான் இருந்தது. சவலீனா பேசவில்லை. லேலே கரண்டியைத் தட்டில் படாமல் பிடித்திருந்தாள். நேரம் ஆயிற்று. போன் அடிக்கவில்லை.

லேலே என் முகத்தைப் பார்த்தாள். ‘அடிக்கலப்பா. நாளைக்கு வேலை இல்லையா?’

‘இருக்குடி. நாளைக்கும் இருக்கு, அதுக்கு மறுநாளும் இருக்கு. இனிமே அது அடிக்க வேண்டாம்.’

லேலே கரண்டியைத் தட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள், அக்கா, தெருவுக்கே கேட்கும்படி. சவலீனாவும் தட்டினாள், நானும் தட்டினேன். சோறு ஆறும் வரை தட்டிக்கொண்டிருந்தோம்.

என்றும் உன் தம்பி,
நிக்கோ